ஹேங் ஆனவன் ஒருவன், தண்டனை யாருக்கு? - கிராபிக்ஸ் டிரைவர்களின் ஒரு சிறு வரலாறு

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்கு ரயில் பாதையில் சுமார் 37 கிலோமீட்டர். நடுவில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று சிறிய ஸ்டேஷன்கள். இந்தப் பாதை ஒற்றைத் தண்டவாளமாக இருந்த காலத்தில், ஒரு ரயில் மயிலத்தை விட்டுக் கிளம்பினால் அது பேரணிக்குப் போய்ச் சேரும் வரை அந்த இடைப்பட்ட தண்டவாளத்தில் வேறு எந்த ரயிலுக்கும் அனுமதி கிடையாது. அந்த அனுமதிக்குத்தான் 'லைன் கிளியர்' என்று பெயர்.

ரயில் வந்து சேர்ந்துவிட்டது என்று பேரணி ஸ்டேஷன் மாஸ்டர் எதை வைத்து முடிவு செய்வார்? எஞ்சின் வந்துவிட்டால் போதாது. நடுவழியில் இரண்டு பெட்டி கழன்று நின்றிருக்கலாம். கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் 'எல்.வி' பலகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 'வந்தாச்சு' என்று முந்தைய ஸ்டேஷனுக்குச் சொல்வார்.

சரி, கிளம்பிய ரயில் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. மெதுவாக வந்துகொண்டிருக்கிறதா, அல்லது நின்றே போய்விட்டதா? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? பின்னால் திண்டிவனத்தில் நிற்கும் ரயில்களில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பிராசஸர் ஹேங் ஆகும்போது, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் சந்திப்பதும் இதே கேள்விகளைத்தான். இதற்குப் பதில் கண்டுபிடிக்க இருபது வருடங்களுக்கும் மேல் ஆகியிருக்கிறது. இன்டெல் கிராபிக்ஸுக்கு லினக்ஸில் இருக்கும் 'ஐ915' என்ற டிரைவரின் கதையைப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் புரிந்துவிடும். (2004ல் வந்த இன்டெல் 915 சிப்செட்டின் பெயர்தான் அதற்கு. பிறகு வந்த பல தலைமுறை சில்லுகளையும் அதே டிரைவர்தான் பார்த்துக்கொண்டது.)

கோரிக்கை என்றால் என்ன?

திரையில் ஒரு ஜன்னல் நகர்ந்தாலும், ஒரு விளையாட்டில் பந்து பறந்தாலும், அதற்கான கட்டளைகள் ஒரு கட்டாக கிராபிக்ஸ் பிராசஸருக்கு அனுப்பப்படுகின்றன. ஒரு கட்டு ஒரு கோரிக்கை. கோரிக்கைகள் மெமரியில் ஒரு வட்டமான வரிசையில் காத்திருக்கும். அதற்கு ரிங் என்று பெயர். புதுக் கோரிக்கைகளை கெர்னல் வாலில் சேர்க்கும். பிராசஸர் தலையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்.

ஒவ்வொரு கோரிக்கையின் கடைசியிலும் கெர்னல் ஒரு சின்னக் கட்டளையைச் சேர்த்து வைக்கும்: 'இந்த இடத்தில் இந்த வரிசை எண்ணை எழுது'. அந்த எண் மெமரியில் தெரிந்தால் கோரிக்கை முழுவதுமாக முடிந்தது என்று அர்த்தம். இதுதான் கம்ப்யூட்டரின் எல்.வி பலகை.

எண் வரவில்லை என்றால்? இங்கேதான் சிக்கல். 1936லேயே ஆலன் டூரிங் ஒன்றை நிரூபித்துவிட்டார். எந்த ஒரு நிரலையும் பார்த்து 'இது கடைசியில் நிற்குமா, முடிவே இல்லாமல் ஓடுமா' என்று தவறாமல் சொல்லக்கூடிய பொதுவான வழி கிடையாது. ஆகவே கெர்னலால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஊகம் என்றாலே தவறும் உண்டு. தவறினால் அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதுதான் இந்த வரலாறு முழுக்க ஓடும் கேள்வி.

முதல் காலம்: எல்லோருக்கும் தண்டனை

ஹேங் ஆனால் ரீஸ்டார்ட். இதுதான் ஆதி மருந்து. இது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரிய மருந்தும் அல்ல. 1997ல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலத்தில் ஒரு முக்கியமான வேலை நேரத்துக்குள் முடியாமல் போனது. காவலுக்கு இருந்த டைமர் உடனே மொத்த கம்ப்யூட்டரையும் ரீசெட் செய்தது. இப்படித் திரும்பத் திரும்ப நடந்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலைகள் தள்ளிப்போயின. பூமியில் இருந்தே கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அங்கே தடுமாறியது ஒரே ஒரு வேலை, ஆனால் நின்று போனது எல்லாம்!

அதே காலத்தில் லினக்ஸில் கிராபிக்ஸ் எப்படி இருந்தது? படம் வரையும் வேலையை எக்ஸ் சர்வர் என்ற நிரல் கெர்னலுக்கு வெளியே இருந்துகொண்டு செய்தது. ஹார்டுவேரை அதுவே நேரடியாகத் தொட்டது. இன்டெல்லுக்கான எக்ஸ் டிரைவரில் ரிங்கில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும் ஒரு பகுதி இருந்தது. 2 நொடிக்குள் தலை நகரவில்லை என்றால் சிஸ்டம் செத்துவிட்டதாக வைத்துக்கொள்ளப்படும் என்று அதை எழுதியவர்கள் கோடுக்குள்ளேயே குறித்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு சர்வர் 'லாக்அப்' என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டு உயிரை விடும். திறந்திருந்த எல்லா ஜன்னல்களும் அதோடு போகும். சேமிக்காத கடிதம், பாதி முடித்த கணக்கு எல்லாம் போச்சு!

விண்டோஸ் எக்ஸ்பியிலும் நிலைமை பெரிதாக வித்தியாசம் இல்லை. டிஸ்பிளே டிரைவர் மாட்டிக்கொண்டால் நீலத்திரைதான்.

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை மாற்றியது. கிராபிக்ஸ் பிராசஸர் 2 நொடிக்கு மேல் பதில் சொல்லவில்லை என்றால் அதை மட்டும் ரீசெட் செய்துவிட்டு வேலையைத் தொடரும் ஏற்பாடு அதில் இருந்தது. திரை ஒரு கணம் கருப்பாகி மீண்டு வரும். கீழே ஓரத்தில் 'டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது' என்ற பொருளில் ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தில் விண்டோஸ் பயன்படுத்திய பலருக்கு இது ஞாபகம் இருக்கும்.

2009: கெர்னல் விழித்துக்கொள்கிறது

லினக்ஸில் இதைச் செய்ய முதலில் கிராபிக்ஸ் வேலைகள் கெர்னலுக்குள் வரவேண்டி இருந்தது. எரிக் அன்ஹோல்ட், கீத் பேக்கார்டு ஆகியோர் எழுதிய ஜெம் என்ற மெமரி மேலாண்மை 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கெர்னலில் சேர்ந்தது. இதன் பிறகு யார் எந்தக் கோரிக்கையை அனுப்பினார்கள், எது முடிந்தது, எது நிலுவையில் இருக்கிறது என்ற கணக்கு கெர்னலின் கைக்கு வந்தது. கணக்கு கையில் இருந்தால்தானே விசாரணை செய்ய முடியும்?

2009 செப்டம்பரில் பென் கமாரி எழுதிய மாற்றங்கள் வந்தன. பெயர் 'ஹேங்செக்'. இதன் யோசனை மிக எளிமையானது. வேலை நிலுவையில் இருக்கும் வரை ஒரு டைமர் ஓடும். டைமர் அடிக்கும்போது பிராசஸர் இப்போது எந்த முகவரியில் உள்ள கட்டளையைப் படிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அடிக்கும்போதும் அதே முகவரி, அதே நிலை என்றால் ஹேங் என்று அறிவிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் நடுவில் இருக்கும் கேட் கீப்பருக்கு இரண்டு முறை போன் போட்டு 'ரயில் எங்கே?' என்று கேட்பது மாதிரி. பிந்திய வருடங்களில் இந்த இடைவெளி ஒன்றரை நொடி என்று நிலைத்தது.

அறிவித்த பிறகு, ஐ965 வகைச் சில்லுகளில் பிராசஸரை ரீசெட் செய்து மீண்டும் ஓட்டுவதற்கான வழியும் அதே சமயத்தில் வந்தது. ரீசெட்டும் பலிக்காவிட்டால் கிராபிக்ஸ் பிராசஸர் 'வெட்ஜ்டு', அதாவது ஆப்பு வைத்தது போல இறுகிவிட்டது என்று முத்திரை குத்தப்படும். பிறகு வரும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் 'பிழை' என்ற ஒரே பதில்தான். ஆனாலும் கெர்னல் உயிரோடு இருக்கும். ஃபைலைச் சேமித்துவிட்டு ஒழுங்காக ஷட்டவுன் செய்ய முடியும். முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய விஷயம்!

ஹேங்செக் வேறு ஒரு திருடனையும் பிடித்தது. சில சமயம் பிராசஸர் வேலையை ஒழுங்காக முடித்திருக்கும். ஆனால் 'முடிந்தது' என்று சொல்லும் இன்டரப்ட் வழியில் தொலைந்து போயிருக்கும். ரயில் வந்து நிற்கிறது, மணி மட்டும் அடிக்கவில்லை. டைமர் வந்து பார்த்து, காத்திருப்பவர்களை எழுப்பிவிட்டு, 'இன்டரப்ட் தவறிவிட்டது' என்று பதிவேட்டில் எழுதும். தப்பே செய்யாத பிராசஸருக்கு ரீசெட் என்ற தண்டனை இதனால் தவிர்க்கப்பட்டது.

2011: பெட்டிகள் ஊருக்கு வருகின்றன

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் வீடுகளுக்கு, பல வீடுகளில் முதல் முறையாக, ஒரு கம்ப்யூட்டர் வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களும் இதில் அடக்கம். விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அந்த வருடம் பிப்ரவரியில் வெளியான டெபியன் 6.0ல் இருந்தது 2.6.32 கெர்னல், ஹேங்செக் பிறந்த காலத்துக் கெர்னல். பின்னாளில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வ அமைப்புகள் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் வகுப்புகள் நடத்தியபோது, இந்த மாதிரிச் சாதாரணப் பெட்டிகள்தான் பலருக்கும் கருவி.

வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரே ஒரு கிராபிக்ஸ் பிராசஸர். அது உறைந்தால் ஒரு குடும்பத்தின் மொத்த கம்ப்யூட்டரும் உறைகிறது என்று அர்த்தம்.

அதே வருடம் இன்னொரு ஆபத்தும் வந்தது. 2011 மார்ச்சில் வெப்ஜிஎல் 1.0 வெளியானது. பிரவுசருக்குள்ளேயே முப்பரிமாணப் படம் வரையும் வசதி. அதாவது, முன்பின் தெரியாத ஒரு வலைப்பக்கம் உங்கள் கிராபிக்ஸ் பிராசஸருக்கு வேலை கொடுக்கலாம். முடிவே இல்லாத வேலையாகவும் கொடுக்கலாம்! சில மாதங்களிலேயே பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஹேங் என்பது அதுவரை கோளாறு. இதன் பிறகு அது ஒரு தாக்குதலாகவும் ஆகக்கூடும்.

2013: குற்றவாளி யார்?

ரீசெட் செய்யத் தெரிந்துவிட்டது. ஆனால் ரீசெட் நடக்கும்போது ரிங்கில் காத்திருந்த மற்ற நிரல்களின் வேலைகளும் அழிந்தன. யாரால் வந்தது என்றும் தெரியவில்லை. இதற்குப் பதிலாக மிகா குவோப்பாலா, கிறிஸ் வில்சன் முதலியோர் 2013 வாக்கில் செய்த மாற்றங்கள் ஒரு நீதிமன்றத்தைப் போலவே இருக்கின்றன.

முதலில், ஒரு முறை பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். கட்டளைகள் ஒரே இடத்தில் நின்றால் அதிக மதிப்பெண். ஒரே வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பெண் ஏறும். (செக்குமாடும் நடந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் ஊர் போய்ச் சேருவதில்லை அல்லவா?) எல்லை தாண்டினால்தான் ஹேங்.

அடுத்து, ரீசெட் நடக்கும்போது ஓடிக்கொண்டிருந்த கோரிக்கையின் சொந்தக்காரர் 'குற்றவாளி' என்றும், வரிசையில் சும்மா காத்திருந்தவர்கள் 'நிரபராதிகள்' என்றும் தனித்தனியாகக் கணக்கில் எழுதப்பட்டது. ஒரு நிரல் தன் கணக்கைக் கெர்னலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குறுகிய நேரத்துக்குள் மறுபடி மறுபடி ஹேங் செய்தால் தடை. அந்த நிரலின் அந்தச் சூழலில் இருந்து மேற்கொண்டு கோரிக்கைகள் ஏற்கப்படாது. பிரவுசர்கள் இதைப் பயன்படுத்தி, தொல்லை கொடுத்த பக்கத்தின் வெப்ஜிஎல்லை மட்டும் நிறுத்தப் பழகின.

சாட்சியமும் சேகரிக்கப்பட்டது. ஹேங் நடந்த கணத்தில் பிராசஸரின் ரெஜிஸ்டர்கள், ரிங்கில் இருந்தவை எல்லாம் ஒரு ஃபைலாகப் பத்திரப்படுத்தப்படும். அதை இணைத்துப் புகார் கொடுக்கும்படி கெர்னலே பதிவேட்டில் வேண்டுகோள் எழுதியது. எங்கோ ஒரு கிராமத்து மாணவரின் லேப்டாப்பில் நடந்த ஹேங்குக்கான காரணத்தை உலகின் மறுமூலையில் இருக்கும் பொறியாளர் படித்துப் பார்க்க இது வழி செய்தது.

2016, 2017: ஜங்ஷனை மூடாமல் ஒரு லைனை மட்டும்

விழுப்புரம் ஜங்ஷனில் இருந்து ஐந்து திசைகளில் பாதை பிரிகிறது. சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. புதுச்சேரி லைனில் ஒரு ரயில் நின்றுவிட்டது என்பதற்காகக் காட்பாடி ரயிலையும் நிறுத்தினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

கிராபிக்ஸ் பிராசஸருக்குள்ளும் இப்படிப் பல எஞ்சின்கள் உண்டு. படம் வரைய ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, மெமரியில் நகலெடுக்க ஒன்று. படம் வரையும் எஞ்சின் ஹேங் ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவும் பல வருடங்கள் சேர்ந்து அடி வாங்கியது. 2017ல் ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக ரீசெட் செய்யும் வழி ஐ915ல் சேர்ந்தது.

அதற்கு முந்தைய வருடம் இன்னும் அழகான ஒரு மாற்றம் வந்தது. ரீசெட்டுக்குப் பிறகு நிரபராதிகளின் கோரிக்கைகள் அழிக்கப்படாமல் அப்படியே மீண்டும் ஓட்டப்படும். குற்றவாளிக் கோரிக்கையை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் அதன் வரிசை எண்ணுக்காகக் காத்திருப்பவர்கள் என்றென்றைக்கும் காத்திருப்பார்கள். ஆகவே அதன் உள்ளே இருக்கும் கட்டளைகளை எல்லாம் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றிவிட்டு, கடைசியில் எண் எழுதும் கட்டளையை மட்டும் விட்டுவைத்தார்கள். சரக்கை எல்லாம் இறக்கிவிட்டுக் காலி வண்டியை எல்.வி பலகையோடு அனுப்பி வைப்பது போல. வரிசை நகர்ந்துவிடும்!

2019: போன் போடுவதை விட்டு டிராலி அனுப்புவது

பத்து வருடம் உழைத்த ஹேங்செக்குக்கு 2019 அக்டோபரில் ஓய்வு கொடுக்கப்பட்டது. அதன் இடத்தில் கிறிஸ் வில்சன் கொண்டுவந்தது 'ஹார்ட்பீட்', இதயத்துடிப்பு.

காரணம் இதுதான். முகவரி நகர்கிறதா என்று எட்டிப் பார்ப்பது ஒரு குறுக்கு ஊகம். அது ஒவ்வொரு தலைமுறைச் சில்லுக்கும் மாறும். அதைவிட நேரான கேள்வி: இந்த எஞ்சின் அடுத்தவருக்கு வழிவிடுகிறதா? புதிய சில்லுகளில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் பாதியில் ஒதுக்கி வைத்து இன்னொன்றை ஓட்டும் வசதி வந்திருந்தது. சரக்கு ரயிலை லூப் லைனில் ஒதுக்கிவிட்டு எக்ஸ்பிரஸை விடுவது மாதிரி.

இப்போது கெர்னல் 2.5 நொடிக்கு ஒரு முறை, வெறும் துடிப்பாக ஒரு சிறிய கோரிக்கையைத் தானே அனுப்பும். முதலில் மிகக் குறைந்த முன்னுரிமையில். அது போய்ச் சேரவில்லை என்றால் முன்னுரிமையைப் படிப்படியாக உயர்த்தும். மிக உயர்ந்த முன்னுரிமையிலும் வழி கிடைக்கவில்லை என்றால் அந்த எஞ்சினுக்கு ரீசெட். பாதையைச் சோதிக்க டிராலி அனுப்புவது போன்றது இது. நீண்ட வேலையாக இருந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிறதா, தொந்தரவு இல்லை. வழியை மறிக்கிறதா, அப்போதுதான் நடவடிக்கை.

முடியாத வழக்கு

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. கிராபிக்ஸ் பிராசஸர் படம் வரைவதோடு நிற்கவில்லை. அறிவியல் கணக்கும் செயற்கை நுண்ணறிவும் அதில்தான் ஓடுகின்றன. ஒரு கணக்கு நியாயமாகவே நிமிடக்கணக்கில் ஓடலாம். ஹேங்செக் காலத்தில் இப்படிப்பட்ட கணக்கு போடுபவர்களுக்கு இன்டெல்லின் ஆவணங்களே ஹேங்செக்கை அணைத்துவிடச் சொல்லின! காவலாளி ரொம்பக் கண்டிப்பு, ஆகவே காவலாளியை வீட்டுக்கு அனுப்பு என்ற கதைதான்.

மறுபக்கம், முடிவில்லாமல் காத்திருப்பதும் முடியாது. ஒரு கோரிக்கை முடிந்தால்தான் இன்னொரு டிரைவர் தன் வேலையைத் தொடங்கும், மெமரி விடுதலையாகும் என்று லினக்ஸ் கெர்னல் முழுக்கச் சங்கிலித் தொடர் இருக்கிறது. எந்தக் கோரிக்கையும் ஒரு நியாயமான காலத்துக்குள் முடிந்தே ஆகவேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. அதனால் 2021ல் ஐ915 ஒவ்வொரு கோரிக்கைக்கும் 20 நொடி என்று ஒரு மேல் எல்லையையும் வைத்தது. 2024 மார்ச்சில் வெளியான 6.8 கெர்னலில் சேர்ந்த 'எக்ஸ்இ' என்ற புதிய இன்டெல் டிரைவரில், நீண்ட நேரம் ஓடும் வேலைகளுக்கு வேறு ஒரு தனி வகையே உண்டு. அந்தச் சங்கிலிக்குள் வராமல் ஓடலாம். பதிலுக்குச் சில சலுகைகளை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2 நொடியா, 20 நொடியா என்பதற்குக் கணிதத்தில் விடை இல்லை என்பதை டூரிங் காட்டிவிட்டார். அந்த எண்களை மனிதர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள், அனுபவத்தில் அடிபட்டு அடிபட்டு மாற்றினார்கள். ஆனால் இந்த வரலாற்றில் மாறாத ஒரு திசை தெரிகிறது. முதலில் ஒரு நிரல் தவறு செய்தால் மொத்தக் கம்ப்யூட்டருக்கும் தண்டனை. பிறகு கிராபிக்ஸ் பிராசஸருக்கு. பிறகு ஒரு எஞ்சினுக்கு. கடைசியில் தவறு செய்த அந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற கேள்வியைத் தீர்க்க முடியாத பொறியாளர்கள், யாரைத் தண்டிப்பது என்ற கேள்வியை ஒவ்வொரு படியாகத் தீர்த்தார்கள்.

அடுத்த முறை திரை ஒரு கணம் உறைந்து, எதுவும் நடக்காதது போல மீண்டும் ஓடினால் டிமெஸ்ஜி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஒரு குட்டி விசாரணை நடந்து, தீர்ப்பும் எழுதப்பட்டிருக்கும்.